ஒரு தடவைதான் "ஹரி" என்றேன்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசி முடித்து வைத்த பிறகும் நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சந்தோஷமான செய்தி சொல்லத்தான் போன் பண்ணினாய். ட்ரெயிலர் ஓட்டுகிற பயிற்சி முடிந்து, மூத்த ட்ரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓடிய மாதங்களும் முடிந்து, இனிமேல் வண்டி உன் கையில் என்றாய். "மொத லோடு எங்க தெரியுமாம்மா? நம்ம தேயில ஸ்டோருக்குத்தான். கொழுந்து காயவைக்கிற புது மெசின். கொழும்புல ஏத்தி, றம்பொட வளைவெல்லாம் ஏறி, நம்ம தோட்டத்துக்கே கொண்டு வர்றேன். எடம் தெரிஞ்ச ஆளு நான்தான்னு கேட்டு வாங்கிட்டேன்" என்று சிரித்தாய். நான் ஒரு கேள்விதான் கேட்டேன். ஸ்டோர் மேடை வரைக்கும் பின்பக்கமாகத்தானே எடுக்க வேண்டும், பின்னால் யார் நிற்பார்கள் என்று. "கேமரா இருக்கும்மா. அதுக்கு மேல தோட்டத்துல யாராவது நிப்பாங்க. ஹரி ஹரின்னு சொன்னா எடுத்துற மாட்டேனா" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

யாராவது நிற்பார்கள் என்று சொன்னாய் அல்லவா. முப்பது வருஷத்துக்கு முன்னால் அதே மேடைக்குப் பக்கத்தில், அதே மாதிரி நின்ற யாராவது ஒருத்தி நான்தான். ஹரி என்று சொன்னதும் நான்தான். இதை உனக்கு இருபத்து நாலு வயதாகும் வரை சொல்லவில்லை. உனக்கு மட்டுமில்லை, யாருக்குமே சொல்லவில்லை. உன் அப்பாவுக்குத் தெரியும். அவரும் சொல்லவில்லை.

உனக்கு ஐந்து வயது இருக்கும். டின்மீன் டப்பாவில் கயிறு கட்டி, வாச்சர் வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு வாசலில் இழுத்துக்கொண்டிருந்தாய். ஒருவன் பின்னால் நின்று கையை ஆட்ட, நீ டப்பாவைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே "ஹரி, ஹரி, ஹரி" என்று கத்தினாய். நான் தண்ணீர்க் குடத்தை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்து உன் வாயிலேயே அடித்தேன். உதடு கிழிந்து இரத்தம் வந்தது. உன் அப்பா வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு கொய்யா மரத்துப் பக்கம் போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ வளர்ந்த பிறகும் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாய், "நான் என்னம்மா கெட்ட வார்த்த சொன்னேன்?" என்று. நீ கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. சிங்களத்தில் சரி என்று அர்த்தம், மலைநாட்டில் எல்லாரும் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை அது. பஸ்ஸில் கண்டக்டர் அதைச் சொல்லும்போதெல்லாம் இன்றைக்கும் நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். அந்த அடி எனக்கு விழுந்திருக்க வேண்டியது, உனக்கு விழுந்துவிட்டது.

எனக்கு ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. வாத்தியார் எழுப்பிக் கேட்டால் பதில் தெரிந்தும் வாய் திறக்காது, அதனால் நின்றதில் எனக்குப் பாதி சந்தோஷம்தான். பதினைந்து வயதில் கொழுந்துச் சாக்கு ஏற்றி இறக்குகிற வேலைக்குப் போனேன். மலையிலிருந்து தராசு இருக்கிற மடுவத்துக்குக் கொழுந்து வரும், அங்கே எடை பார்த்த பிறகு ட்ரெக்டர் பெட்டியில் ஏற்றி, தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். அந்த ட்ரெக்டரை ஓட்டியவர் உன் அப்பா. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. பின்பக்கமாக எடுக்கும்போது சத்தம் கொடுப்பதும், நின்றதும் வண்டி உருளாமல் சில்லுக்கு அடியில் சவுக்குக் கட்டையைக் கொடுப்பதும் சுப்பையா அண்ணனுடைய வேலை. ஆமாம், லயத்தின் கடைசி வீட்டில் இருக்கிற உன் லெட்சுமி பெரியம்மாவின் புருஷன்தான். நீ படத்தில் மட்டும் பார்த்த ஆள்.

சாக்கு கட்டுகிற பெண்களுக்கு நான் ஒரு விளையாட்டுச் சாமான். ட்ரெக்டர் சத்தம் கேட்டாலே ஆரம்பித்துவிடுவார்கள். "ஏ ஊமக்குட்டி, ஒன் ஆளு வர்றாரு பாரு." "இல்லங்கிறாளா? அப்பன்னா அண்ணேன்னு கூப்புடச் சொல்லு பாப்போம்." நான் கூப்பிட மாட்டேன். அண்ணே என்று கூப்பிட மனசு வரவில்லை. வேறு எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவர்கள் சொல்வது உண்மையாகிவிடும். அதனால் அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுப்பையா அண்ணனிடம் சொல்வேன், அவர் சொல்லுவார். "என்னய்யா, இந்தப் பிள்ளைக்கு நான்தான் தபால்காரனா" என்று அவர் சிரிப்பார். தம்பி, கூப்பிடச் சொல் இல்லாத இரண்டு பேருக்கு நடுவில் ஒரு வண்டி இருக்கக்கூடாது. இதை நான் புரிந்துகொள்ள ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

அன்றைக்கு நாலைந்து நாள் மழைக்குப் பிறகு கொஞ்சம் விட்டிருந்தது. பகல் மூன்று மணி இருக்கும். ஸ்டோர் மேட்டில் சேறு, அதற்கு மேல் மூட்டம். பெட்டி நிறையக் கொழுந்து. ஈரக் கொழுந்து எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியும். வழுக்குகிறது, கட்டையை உடனே கொடுக்காவிட்டால் வண்டி கீழே இழுத்துவிடும் என்று சுப்பையா அண்ணன் கட்டையை எடுத்துக்கொண்டு மேடைக்கும் பெட்டிக்கும் நடுவிலேயே போய் நின்றுகொண்டார். அங்கிருந்து அவரால் உன் அப்பாவைப் பார்க்க முடியாது. சுற்றிப் பார்த்தார், நான் இருந்தேன். "பிள்ள, நீ அந்த ஓரமா நின்னு ட்ரைவருக்குச் சொல்லு. கிட்ட வந்ததும் நிப்பாட்டச் சொல்லிரு, என்ன" என்றார். தலையாட்டினேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன் அப்பாவுக்கு ஆள் மாறியதே தெரியாது.

வண்டி வந்தது. உன் அப்பா ஆசனத்தில் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு எடுத்தார். பெட்டியின் பலகை உயரம், அதற்கு மேல் கொழுந்துச் சாக்கு, அதற்கு மேல் மூட்டம். என்னைப் பாதி தெரிந்திருக்கும். சுப்பையா அண்ணன் தெரியவே இல்லை. மேடைக்கு ஒரு கை நீள இடைவெளி இருக்கும்போது நான் சொல்ல வேண்டும். "அண்ணே, நிப்பாட்டுங்க" என்று இரண்டு சொல் போதும். மேடையில் அந்தப் பெண்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். என் வாயில் அண்ணே வரவில்லை. அண்ணே வராமல் நிப்பாட்டுங்க என்று மொட்டையாகச் சொல்லவும் வரவில்லை. யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிட வேண்டாத ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது. மடுவத்தில் தராசு பார்க்கிறவர், சாக்கு நிறுத்து முடிந்ததும் "ஹரி" என்பார். போதும், இறக்கு என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் படித்த ஒரே பாடம் அந்தத் தராசுதான். நான் ஹரி என்றேன். ஒரே ஒரு தடவை. மெதுவாக.

உன் அப்பா வண்டி பழகியது நுவரெலியா மார்க்கட்டில், ஒரு சிங்கள ட்ரைவருடைய மரக்கறி லொறியில். அங்கே ஹரி ஹரி என்றால் வா, இன்னும் இடமிருக்கிறது, பயப்படாமல் வா என்று அர்த்தம். ஒரே வார்த்தையை நாங்கள் இரண்டு பேரும் இரண்டு இடத்தில் படித்திருந்தோம். அவர் கிளச்சை விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். ஒன்று மட்டும் எழுத வேண்டும், ஏனென்றால் அதை யாரிடமும் சொல்லவில்லை. சுப்பையா அண்ணன் கத்தவில்லை. அவர் என்னைத்தான் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். "பிள்ள" என்றார். அதட்டல் இல்லை, கோபம் இல்லை. என்ன பிள்ள இப்படி என்று கேட்பது மாதிரி. அந்தக் குரல் இந்த வீட்டில்தான் இருக்கிறது, தம்பி. அடுப்பு ஊதும்போது வருகிறது. உனக்குச் சோறு போடும்போது வந்திருக்கிறது. யாராவது என்னைப் பின்னாலிருந்து பிள்ளை என்று கூப்பிட்டால், முப்பது வருஷமாக, நான் உடனே திரும்புவதில்லை.

ஓபிசில் விசாரித்தார்கள். தோட்டத்துத் துரை, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு, பொலிஸ்காரர் இரண்டு பேர். என்னையும் கூப்பிட்டார்கள். "நீ என்னா சொன்ன, பயப்படாமச் சொல்லு" என்று கண்டாக்கு தன்மையாகத்தான் கேட்டார். நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது உன் அப்பா சொன்னார், "அந்தப் பிள்ளய விடுங்கய்யா. அது சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் கவனிக்கல." அதை எழுதிக்கொண்டார்கள். அவரிடம் ட்ரெக்டர் லைசன் இருந்தது. ஆனால் பெட்டி கட்டி, லோடோடு, சரிவில் பின்பக்கமாக எடுக்க அவருக்கு ஒருவரும் ஒரு நாள்கூடப் பழக்கியதில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை. அதற்குப் பிறகு அவர் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போனார். ஒரு வண்டியின் ஸ்டீரிங்கையும் தொடவில்லை. மூன்று வருஷம் கழித்து எங்கள் வீட்டில் வந்து என்னைக் கேட்டார். ஏன் சம்மதித்தேன் என்று நீ கேட்டால், ஆசையும் பயமும் ஒரே அளவு இருந்தது என்றுதான் சொல்வேன். இன்று வரைக்கும் அவரை நான் "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுகிறேன். அதைத் தாண்டி ஒரு சொல் எனக்கு வந்ததில்லை.

இனி உன்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதே. நீ பயிற்சிக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்த அன்று அப்பா வேண்டாம் என்றார். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "ஓட்டத் தெரியாம ஒரு ஆளக் கொன்னுட்டீங்கன்னு லயமே சொல்லுது. அதுக்கு நான் ஏன் ஓட்டாம இருக்கணும்? நான் படிச்சிட்டு ஓட்டப் போறேன்." அவர் தட்டில் பிசைந்த சோற்றை அப்படியே பிசைந்துகொண்டே இருந்தார். நான் நாலடி தூரத்தில் அடுப்படியில் நின்றேன். அன்றைக்கும் என் வாய் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தில் மன்னிப்பு என்று ஒன்று கேட்பதாக இருந்தால், ஸ்டோர் மேட்டில் நின்ற அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைக்காகக் கேட்க மாட்டேன். அடுப்படியில் நின்ற உன் அம்மாவுக்காகக் கேட்கிறேன். அவளுக்கு வயது நாற்பதுக்கு மேல். அவளுக்கு வெட்கம் ஒரு சாட்டு இல்லை.

போன தீபாவளிக்கு நீ இரண்டு தீப்பெட்டியை நூலால் கட்டி, ட்ரெயிலர் எப்படிப் பின்னால் போகும் என்று எனக்குக் காட்டினாயே. ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்தால் வால் வலது பக்கம் போகும் என்றாய். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "ரொம்ப ஒடிக்காத, மடங்கிரும். மொதல்ல கொஞ்சம் முன்ன போயி நேராக்கிட்டு எடு" என்றார். நீ ஆச்சரியமாகப் பார்த்தாய். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாய். "தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் அந்த மேட்டில் முப்பது வருஷமாக அந்தப் பெட்டியைத் திரும்பத் திரும்பப் பின்னால் எடுத்துக்கொண்டிருக்கிறார், தம்பி. அதனால்தான் அவருக்குத் தெரியும்.

நீ விட்டுவிட்டுப் போன பயிற்சிப் புத்தகத்தை இந்த வாரம் எடுத்துப் பார்த்தேன். சிங்களமும் இங்கிலீசும் எனக்கு ஓடாது, படங்களைப் பார்த்தேன். ஒரு மனுஷன் நின்று கையால் காட்டுகிற படங்கள். வா என்பதற்கு ஒரு கை, போ என்பதற்கு ஒரு கை, நில் என்பதற்கு இரண்டு கையும் தலைக்கு மேலே. அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. கையைத் தூக்க எனக்கு வெட்கம் இருந்திருக்காது. யாரையும் அண்ணே என்று கூப்பிட வேண்டியதில்லை. பதினைந்து வயதில் இந்த ஒரு பக்கத்தை யாராவது எனக்குக் காட்டியிருந்தால் லெட்சுமி அக்கா இன்னும் பொட்டு வைத்திருப்பார்.

நான் உனக்கு ட்ரெயிலர் ஓட்டச் சொல்லித்தர முடியாது. நீ சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். ஏறுவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடக்க வேண்டும் என்றாய். கொக்கி பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதாது, குனிந்து கையால் தொட வேண்டும் என்றாய். சங்கிலி கொஞ்ச தூரம் ஓடினால் தளரும், இறங்கிப் பார்த்து இறுக்க வேண்டும் என்றாய். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் சின்னக் கியரில் வர வேண்டும் என்றாய். பின்பக்கமாக எடுக்கும்போது சைகை காட்ட ஒரே ஆள், அவன் கண்ணாடியில் தெரியாவிட்டால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும் என்றாய். ஆனால் நில் என்று மட்டும் யார் சொன்னாலும், வழியில் போகிற பிள்ளை சொன்னாலும், நிற்க வேண்டும் என்றாய். இதையெல்லாம் சொன்ன நீதான் ஞாயிற்றுக்கிழமை யாராவது நிற்பார்கள் என்றாய். கேமராவில் நம் ஊர் மூட்டம் படிந்தால் என்ன தெரியும்? சொந்த ஊர், தெரிந்த மேடு என்கிற தைரியம் உனக்கு வந்துவிட்டது. தெரிந்த மேட்டில்தான், தெரிந்த ஆட்களுக்கு நடுவில்தான், அது நடந்தது.

அதனால் கேட்கிறேன். பின்னால் நிற்கப் பழகிய ஆளைக் கொழும்பிலிருந்தே கூட்டிக்கொண்டு வா. ஆள் இல்லை என்று கம்பனியில் சொன்னால், வண்டியை மேல் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஆள் வரும் வரை உட்கார்ந்திரு. மெசின் ஒரு நாள் பிந்தினால் கொழுந்து கெட்டுப்போகாது. எடுப்பதற்கு முன்னால் இறங்கிப் போய் அந்த ஆளின் பெயரைக் கேள், உன் பெயரைச் சொல். நிற்பதற்கு எந்தச் சைகை, எந்தச் சொல் என்று இரண்டு பேரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹரி என்ற வார்த்தையை அந்த மேட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று சொல். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மேடைக்கும் வண்டிக்கும் நடுவில் எந்த மனுஷன் நின்றாலும் இஞ்சினை நிறுத்து.

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. நேற்றுக் காலையில் இது வரை எழுதியதை எடுத்துக்கொண்டு லெட்சுமி அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் அந்தச் சவுக்குக் கட்டை கிடக்கிறது, உனக்குத் தெரியும், சின்னப் பிள்ளையில் அதன் மேல் உட்கார்ந்துதான் அவர் கொடுத்த ரொட்டியைத் தின்பாய். அது என்ன கட்டை என்று நீ கேட்டதில்லை. நான் முப்பது வருஷமாக அதைத் தாண்டித்தான் உள்ளே போய்வருகிறேன். வாசித்துக் காட்டினேன். அவர் கோபப்படுவார், இல்லாவிட்டால் அழுவார் என்று நினைத்தேன். முடித்த பிறகு அவர் ஒன்றுதான் கேட்டார். "பிள்ளன்னாரா?" என்றார். ஆமாம் என்றேன். "அவ்வளவுதானா? என் பேரச் சொல்லலயா?" இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளினார். "ஒன் வீட்டுக்காரர நான் முப்பது வருஷமா மொகம் பாத்துப் பேசல. நீ தெனம் என் அடுப்படியில ஒக்காந்து தேத்தண்ணி குடிச்ச" என்றார். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நானே எழுந்து வந்தேன். இன்றைக்குக் காலையில் அவர் கதவு திறக்கவில்லை. திறக்காமலே போனாலும் அது அவருடைய நியாயம்.

நேற்று அங்கிருந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா பின்பக்கத் தோட்டத்தில் எருவைத் தள்ளுவண்டியில் போட்டு, லீக்ஸ் பாத்திக்குப் பின்பக்கமாக இறக்கிக்கொண்டிருந்தார். கீழே கல் வரம்பு, அதற்குக் கீழே பள்ளம். நான் மேலே நின்று பார்த்தேன். நீ வருகிற அன்றைக்கு நான் ஸ்டோர் மேட்டில், ஆட்களை ஒதுக்கிக்கொண்டு, ஓரமாக நிற்கப் போகிறேன். சைகை காட்டுவது என் வேலை இல்லை. ஆனால் நில் என்று யார் சொன்னாலும் நிற்க வேண்டும் என்றாயே, அதைச் சொல்ல ஒரு குரல் வேண்டும். இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. தள்ளுவண்டியின் சில்லு வரம்பை நெருங்கியது. நான் வாயைத் திறந்தேன். உன் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, லயத்துக்கே கேட்கிற மாதிரி. "நில்லு" என்றேன்.

அவர் நின்றார். வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, திரும்பாமலே சொன்னார்.

"கேட்டுச்சு."